கறுப்புச் சதுரத்துக்குள் போன சிவப்புப் பெட்டி

அத்தியாயம் 4

கமலநாதன் நகைக்கடையில் பதினாறு கேமராக்கள் இருந்தன. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அந்த எண்ணிக்கையை அடித்துக்கொள்ள ஆளில்லை. வாசலில் இரண்டு, கண்ணாடி அலமாரிகளுக்கு மேல் எட்டு, தராசைப் பார்க்க ஒன்று, தராசைப் பிடிப்பவனின் முகத்தைப் பார்க்க ஒன்று. பதினாறாவது கேமரா, மற்ற பதினைந்தும் பிடிக்கிற படங்களைச் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“பதினாறை யாரு பாத்துக்கிறா பாஸ்?” என்று கேட்டான் ஜீவன்.

கமலநாதன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. “பதினேழு ஆர்டர் பண்ணியிருக்கேன். அடுத்த வாரம் வருது.”

ஜீவனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆறு வருடம் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் கடை கடையாக ஏறிக் கேமரா விற்றவன். பயந்தவனிடம் நாலும், பணக்காரனிடம் எட்டும், சொந்தக்காரனைக் கடையில் வேலைக்கு வைத்திருப்பவனிடம் பதினாறும் விற்கலாம் என்பது அவன் கண்ட உண்மை. அப்புறம் அந்தத் தொழில் அலுத்துப்போய், பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் நடத்தும் தனலெட்சுமியிடம் வந்து சேர்ந்தான். தனலெட்சுமி முன்பு காப்புறுதிக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பதைப் போல, எதிராளி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவாள்.

“உங்களைக் கூப்டது கண்டுபிடிக்கிறதுக்கு இல்ல மேடம்,” என்றார் கமலநாதன். “கண்டுபிடிச்சாச்சு. எல்லாம் ரெக்கார்ட்ல இருக்கு. இவ வாயால ஒத்துக்கணும், அவ்ளோதான். அஞ்சு மணிக்குள்ள ஒத்துக்கிட்டா சாமானை வாங்கிட்டு விட்டுர்றேன். இல்லைனா நேரா பாலாய் போலீஸ்.”

‘இவ’ என்று அவர் காட்டியது லோகேஸ்வரியை. இருபத்தாறு வயது, நாலு வருடமாக அந்தக் கடையில் விற்பனைப் பெண். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அழுது முடித்து, கோபத்துக்கு வந்திருந்த முகம்.

“அக்கா, போலீஸ் ஸ்டேஷன் வாசப்படி ஏறிட்டேன்னா, அப்புறம் இந்த ஊர்ல ஒரு நகைக்கடை வாசப்படி ஏற முடியாது,” என்றாள் அவள் தனலெட்சுமியிடம். “நான் எடுக்கல.”

“ஞாயித்துக்கெழம எட்டரைக்கு முகூர்த்தம்,” என்றது ஒரு குரல்.

பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்த தம்புசாமியின் குரல் அது. காப்பாரில் முப்பது வருடம் செம்பனை லோரி ஓட்டி ஓய்ந்தவர். மகளுக்குக் கல்யாணம். காணாமல் போனது அவர் மகளின் தாலிக்கொடி, ஏழு பவுன். காலையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, சுவர்க்கடிகாரம் மாதிரி, அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். திங்கட்கிழமை ஆயுத பூஜை. கல்யாணத்துக்குத் தயாரான தாலியைச் சாமி பாதத்தில் வைத்துப் பூஜை செய்து கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். காலையில் கமலநாதன் பெட்டகத்தைத் திறந்து, சிவப்பு வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டியை லோகேஸ்வரி கையில் கொடுத்து, சாமிகிட்ட வை என்றார். இன்று வியாழன். தம்புசாமி வாங்க வந்தார். பெட்டகத்தில் பெட்டி இல்லை. சாமி மேடையிலும் இல்லை.

“இப்ப பாருங்க கூத்தை,” என்று கமலநாதன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது. திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஜீவன் அண்ணாந்து பார்த்தான். பதினாறு கேமராக்களுக்கும் பொட்டு.

“ஐயோ அலமாக், எல்லாத்துக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணமா?”

“ஆயுத பூஜைடா! தராசுக்கு வைக்கிறோம், கத்தரிக்கோலுக்கு வைக்கிறோம். இதுவும் ஆயுதம்தானே?”

கமலநாதன் ஏழாம் கேமராவைத் திறந்தார். கடையின் பின்கட்டு தெரிந்தது. படத்தின் வலது பக்கத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கறுப்பாக ஒரு சதுரம்.

“திரை செத்துப்போச்சா பாஸ்?”

“அது சாமி,” என்றார் கமலநாதன் பயபக்தியோடு. “சாமிய எந்நேரமும் ஒரு கண்ணு மொறைச்சிக்கிட்டே இருந்தா திருஷ்டி பட்டுரும்ல? அதனால மாட்டும்போதே அந்த எடத்தை மட்டும் கறுப்படிக்கச் சொல்லிட்டேன்.”

“திருடனுக்குப் பயந்து கேமரா. கேமராவுக்குப் பயந்து திரை,” என்றான் ஜீவன். “நடத்துங்க.”

கமலநாதன் கறுப்புச் சதுரத்தைச் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் வரைந்து, திங்கட்கிழமை என்று தேதி கொடுத்தார். கட்டத்துக்குள் எது அசைந்ததோ அந்தத் துண்டுகளை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி வரிசையாகக் கொட்டியது. ஒரு நாளை நாலு நிமிடத்தில் பார்த்து முடிக்கிற வசதி அது. இதைச் சொல்லித்தான் ஜீவன் ஒரு காலத்தில் பாதி கேமராக்களை விற்றான்.

காலை 7.50. லோகேஸ்வரி சிவப்பாக எதையோ ஏந்திக்கொண்டு கறுப்புக்குள் போகிறாள். வெறுங்கையோடு வெளியே வருகிறாள். மாலை 4.45. மறுபடி போகிறாள். அதே சிவப்பைத் துணிப்பையில் திணித்துக்கொண்டே வருகிறாள்.

“முடிஞ்சுதா?” என்றார் கமலநாதன்.

“அது என் சாப்பாட்டு டப்பா மொதலாளி! காலையில பிரிட்ஜ்ல வச்சேன், மத்தியானம் பூஜை சாப்பாடு இருந்ததால தொடல, சாயந்தரம் எடுத்தேன். தாலிப் பெட்டிய அதுக்கு முன்னாடியே சாமிகிட்ட வச்சிட்டேன். எத்தனை வாட்டி சொல்றது?”

“முன்னாடி வச்சிருந்தா படத்துல இருக்கணுமே? இல்லையே! அதோட இந்தக் கறுப்புல பிரிட்ஜு வராது. இது சாமி. நீ போறது சாமிகிட்ட. கேமரா பொய் சொல்லுமா?”

“ஞாயித்துக்கெழம எட்டரைக்கு முகூர்த்தம்.”

தனலெட்சுமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “நடுவுல உள்ள துண்டுகளையும் போடு ஜீவா,” என்றாள்.

9.40. தராசுக்காரர் கறுப்புக்குள் போனார், வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். 11.10. மெருகு போடுபவர் போனார், கன்னம் உப்பி வந்தார். 1.30. கமலநாதனே போனார். வெளியே வந்ததும் கண்ணை இறுக்கி மூடி, பல் கூசி நின்றார்.

“உங்க சாமி ரொம்ப தாராளம் போலிருக்கே,” என்றாள் தனலெட்சுமி. “போறவங்க யாரும் மெல்லாம திரும்பல.”

“பிரசாதம் எடுத்திருப்பாங்க.”

“நீங்க?”

“நானும்தான்.”

“சுண்டலுக்கா பல்லு கூசுச்சு?”

கமலநாதன் நாக்கால் பல்லைத் தடவினார்.

“கட்டத்தை எடுத்துடு ஜீவா. பூஜை எத்தனை மணிக்கு? எட்டரையா? எட்டரைக்கு முழுப் படத்தையும் காட்டு.”

முழுப் படம் வந்தது. கடை ஆட்கள் பதினோரு பேர் கைகூப்பி நின்றார்கள். பதினோரு பேரும் கறுப்புச் சதுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படத்தின் வலது விளிம்புக்கு வெளியே இருந்த எதையோ கும்பிட்டார்கள். முன்வரிசையில் கமலநாதன் கன்னத்தில் போட்டுக்கொண்டது சுவரைப் பார்த்து.

“முப்பது வருஷமா பூஜை பண்றேன்,” என்று அவர் திணறினார். “சாமிக்கு முதுகைக் காட்டுவேனா நான்?”

“காட்டல பாஸ். நீங்க சரியாத்தான் கும்பிட்டீங்க,” என்றான் ஜீவன். கேமரா விற்ற காலத்து வாய்ப்பழக்கம் எட்டிப் பார்த்தது. “ஆன்டி... சாரி, லோகேஸ், நெத்தியில இருக்குற ஸ்டிக்கர் பொட்டைக் கொஞ்சம் குடு.”

“ஆன்டியா?” என்று முறைத்துக்கொண்டே அவள் பொட்டை உரித்துக் கொடுத்தாள். ஜீவன் அதைக் கமலநாதனின் மூக்குக்கண்ணாடியில், வலது ஓரத்தில் ஒட்டினான்.

“என் முகம் தெரியுதா?”

“தெரியல. பொட்டு மறைக்குது.”

“இப்ப தலையை லேசா இடது பக்கம் திருப்புங்க.”

கமலநாதன் திருப்பினார். “இப்ப தம்புசாமி அண்ணன் தலைய காணோம்.”

“அவ்ளோதான் விஷயம். கறுப்பை நீங்க சாமி மேல பூசல, படத்து மேல பூசியிருக்கீங்க. கேமரா திரும்புனா பாவம் கறுப்புக்கு என்ன தெரியும்? அது ஒட்டுன எடத்துலயே நிக்கும். சாமி படத்தை விட்டு வெளிய போயிட்டாரு. பக்கத்துல இருந்த பிரிட்ஜு வந்து கறுப்புக்குள்ள உக்காந்துக்கிச்சு. திங்கக்கெழமையிலேர்ந்து உங்க பிரிட்ஜுக்குத் திருஷ்டி படாம பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

லோகேஸ்வரி கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். ஆனால் கமலநாதன் வியாபாரி. ஒரு விலை படியாவிட்டால் இன்னொரு விலையோடு வருகிறவர்.

“அப்படின்னா கேமராவைத் திருப்புனதும் இவதான்! திருப்பிட்டு, கேமரா பாக்காத சாமிகிட்டேர்ந்து பெட்டிய எடுத்திருக்கா. பாத்தீங்களா பிளானை? எனக்கே இப்பத்தான் புரியுது.”

லோகேஸ்வரியின் கை மறுபடி கட்டிக்கொண்டது. ஜீவன் கட்டிய வாதத்தையே கயிறாக்கி அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டார் மனிதர். கடிகாரம் மூன்றரை காட்டியது.

தனலெட்சுமி மட்டும் கையை நீட்டினாள். “உங்க போனைக் குடுங்க.”

“எதுக்கு?”

“கேமராவை யாராச்சும் மூடுனாலும் தள்ளுனாலும், இந்தச் சிஸ்டம் மொதலாளி போனுக்குத் தகவல் அனுப்பும். இல்லையா ஜீவா?”

“அனுப்பும். போட்டோவோட.”

கமலநாதனின் போனில் அந்தச் செயலியின் மேல் 4,812 என்று சிவப்பாக எழுதியிருந்தது. அத்தனையும் திறக்காத தகவல்கள்.

“என்ன பண்றது மேடம்? பல்லி ஓடுனா டிங். ஃபேன் சுத்துனா டிங். தோரணம் ஆடுனா டிங். பொண்டாட்டியே இத்தனை வாட்டி கூப்பிட மாட்டா. வாய மூடி வச்சிட்டேன்.”

ஜீவன் திங்கட்கிழமைக்குப் போனான். பல்லி, பல்லி, தோரணம், பல்லி. பிறகு காலை 7.38: *கேமரா 7 — லென்ஸ் மறைக்கப்பட்டுள்ளது.* தொட்டதும் படம் விரிந்தது. திரை முழுக்க ஒரு விரல். நுனியில் அப்பிய சந்தனம். கணுவில் ஒன்பது கல் பதித்த மோதிரம்.

எல்லோருடைய கண்ணும் மெதுவாகக் கீழே இறங்கி, மேசை மேலிருந்த கமலநாதனின் கையில் வந்து நின்றது. மோதிரத்தில் ஒன்பது கல்லும் பளபளத்தன. கை மெதுவாக மேசைக்கு அடியில் போனது.

“ஏணியில ஏறிப் பொட்டு வச்சீங்க,” என்றாள் தனலெட்சுமி. “கண்ணுலயே வச்சிட்டீங்க. அப்புறம்?”

“வேட்டியால தொடச்சேன்,” என்றார் அவர், உள்ளே போன குரலில். “கொஞ்சம் அழுத்தித் தொடச்சிருப்பேன்.”

“நல்லது. அப்போ பெட்டி சாமிகிட்ட இருந்துச்சு, யாரும் பாக்கல. பூஜை முடிஞ்சதும் சாமிகிட்ட போனது யாரு?”

“நான்தான். பொரி பை போட்டேன். பித்தளைத் தாம்பாளத்துல பொரி மூட்டையக் கவுத்து, கடலை, சர்க்கரை கலந்து, நானே என் கையால அள்ளி அள்ளி நாப்பது பை போட்டேன். வேற யாரையும் தொட விடல. ஒருத்தரையும் நம்ப முடியாது பாருங்க.”

“லோகேஸ், நீ பெட்டிய எங்க வச்சே? சாமி பாதத்துல, சரி. எது மேல?”

அவள் வாயில் கையை வைத்தாள். “தாம்பாளத்துல அக்கா. பித்தளைத் தாம்பாளத்துல.”

மூட்டைப் பொரி பெட்டியின் மேல் கவிழ்ந்திருக்கிறது. பதினாறு கேமரா வைத்து ஊரையே சந்தேகப்பட்ட கை, ஏழு பவுனைப் பொரியோடு சேர்த்து அள்ளி, கவரில் போட்டு, முடிச்சும் போட்டு, சிரித்த முகமாக யாருக்கோ கொடுத்துவிட்டிருக்கிறது.

“நாப்பது பேரா?” கமலநாதன் நாற்காலியில் சரிந்தார். “பக்கத்துக் கடை, எதிர்க் கடை, தபால்காரர், கண்ணாடி தொடைக்க வந்த பங்களாதேஷ்காரன்... ஐயோ, யாருக்குன்னு போய் கேப்பேன்?”

“ஞாயித்துக்கெழம...”

“தெரியும்ணே!” என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“வாசல் கேமரா போடு ஜீவா. வேகமா ஓட்டு,” என்றாள் தனலெட்சுமி. “முகத்தைப் பாக்காத. பையைப் பாரு.”

கடையின் வாசலுக்கு மேலே, குளிர் வெளியே போகாமலிருக்கக் கீழ்நோக்கிக் காற்றடிக்கிற நீளப் பெட்டி ஒன்று இருந்தது. மஞ்சள் பைகள் ஒவ்வொன்றாக வாசலைக் கடந்தன. காற்று பட்டதும் ஒவ்வொரு பையும் துள்ளியது. பொரிதானே, கனம் ஏது? தபால்காரர் பை பட்டம் மாதிரி எழும்பியது. எதிர்க் கடைக்காரர் பை அவர் முழங்கையிலேயே அடித்தது. பத்து, இருபது, முப்பது. முப்பத்து நான்காவது பை வந்தது. காற்று அடித்தது. பை அசையவில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி நேராகத் தொங்கிக்கொண்டு போனது.

“நிறுத்து,” என்றாள் தனலெட்சுமி.

ஜீவன் நிறுத்தினான். பையிலிருந்து மெல்ல மேலே போனான். கை, சட்டை, தோள், முகம்.

திரும்பிப் பிளாஸ்டிக் முக்காலியைப் பார்த்தான்.

“என்னா?” என்றார் தம்புசாமி. “நான்தான். பூஜைக்கு வந்தேன், பை குடுத்தாரு. எனக்குப் பொரி ஆகாது தம்பி. பல் செட்டுல போய் மாட்டிக்கும். மோட்டார் சைக்கிள் கொக்கியிலயே தொங்குது. மூணு நாளா காப்பாருக்கும் கிள்ளானுக்கும் போய்ட்டு வருது.”

“அண்ணே, மோட்டார் எங்க?”

“வாசல்லதான்.”

ஜீவன் முதலாம் கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்தான். இருந்தது! நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு பழைய சிவப்பு மோட்டார். கொக்கியில் மஞ்சள் பை. ஏழு பவுன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கமலநாதன் திரையைத் தொட்டுக் கும்பிட்டார். தம்புசாமி எழுந்து வெளியே நடந்தார்.

அடுத்த நொடியே வாசலிலிருந்து அவருடைய அலறல் கேட்டது. “மோட்டாரைக் காணோம்!”

“இருக்கே!” என்று கமலநாதன் திரையைத் தட்டினார். “அதோ நிக்குதே!”

ஜீவன் பக்கத்தில் பார்த்தான். கடைக்குள்ளே திரும்பிய இரண்டாம் கேமராவின் படம். அதில் தம்புசாமி இன்னும் முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவே இல்லை.

“பாஸ், இந்தக் கம்ப்யூட்டர் என்ன வெலை?”

“பழசு. பாதி வெலைக்கு முடிச்சேன். ஏன்?”

“பதினாறு கேமராவை இழுக்க முடியாம தள்ளாடுது. நேரடின்னு காட்டுறது அரை நிமிஷத்துக்கு முந்தினது!”

அவன் சொல்லி முடிக்கும்போது திரைக்குள் நகராண்மைக் கழக லோரி ஒன்று பின்வாங்கி வந்தது. இரண்டு பேர் இறங்கி, நடைபாதையை அடைத்திருந்த மோட்டாரைத் தூக்கி மேலே ஏற்றினார்கள். மஞ்சள் பை கடைசியாக ஒருமுறை தலையாட்டிவிட்டுப் போனது.

லோகேஸ்வரி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். தனலெட்சுமி பின்னால் போனாள். கமலநாதன் வேட்டியை மடித்துக் கட்டுவதிலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போனார். ஜீவனுக்கு முழங்கால் வலி. அவன் திரையோடு ஒட்டிக்கொண்டான்.

படத்தில் லோரி நகர ஆரம்பித்தது. சாலை முனையில் பூக்கடை வண்டிகள் மறிக்க, கொஞ்சம் நின்றது. லோகேஸ்வரி தெரிந்தாள், கையை வீசிக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்து. லோரி மறுபடி நகர்ந்தது. “ஓடு, ஓடு,” என்று ஜீவன் நகத்தைக் கடித்தான். அவள் பின்பலகையைப் பிடித்தாள். கை நழுவியது. “ஐயோ!” மறுபடி பிடித்தாள். ஒரு காலைத் தூக்கி வைத்தாள். “ஏறு தாயி, ஏறு!” என்று ஜீவன் மேசையை அடித்தான். யாரோ தோளைத் தட்டினார்கள். “சும்மா இரு, இங்க உயிர் போய்க்கிட்டு இருக்கு,” என்று கையைத் தள்ளிவிட்டான்.

“அண்ணே,” என்றது மூச்சு வாங்கும் குரல். “ஏறிட்டேன்ணே.”

லோகேஸ்வரி அவன் பின்னால் நின்றாள், கையில் மஞ்சள் பை. திரையில் அவள் இன்னும் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தனலெட்சுமி மேசை மேல் முடிச்சை அவிழ்த்துக் கவிழ்த்தாள். பொரி, கடலை, நனைந்த சர்க்கரை, குடும்பத்தோடு குடியேறிவிட்ட எறும்புகள், கடைசியாகச் சிவப்புப் பெட்டி. தம்புசாமி அதைத் திறந்து பார்த்தார். தாலிக்கொடி அப்படியே சுருண்டு கிடந்தது. அவர் முதன்முறையாக வேறு வாக்கியம் பேசினார்: “மோட்டாரை எப்ப குடுப்பானுங்க?”

கமலநாதன் பெருமூச்சு விட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். “சரி, சரி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. லோகேஸ், போய் கவுண்டரைப் பாரு.”

லோகேஸ்வரி நகரவில்லை.

“காலையிலேர்ந்து கடை ஆளுங்க எல்லாரு முன்னாடியும் என்னைத் திருடின்னு சொன்னீங்க மொதலாளி. ஏழாம் நம்பரைக் கையைக் காட்டிச் சொன்னீங்க. அதே கேமரா முன்னாடி மன்னிப்பு கேளுங்க. அப்புறம் கவுண்டரைப் பாக்குறேன்.”

கமலநாதன் தனலெட்சுமியைப் பார்த்தார். அவள் பொரியில் எறும்பில்லாத கடலையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜீவனைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணில் ஒரு கணக்கு மின்னியது.

“கேக்கிறேன். தப்பு என் மேலதானே. கேமரா முன்னாடியே கேக்கிறேன்.”

“பதினாலு நாள்ல தானா அழிஞ்சிடும்னுதானே பாஸ் இவ்ளோ சுலபமா ஒத்துக்கிறீங்க?” என்றான் ஜீவன். “அழியாம பூட்டி வைக்கிற பட்டன் ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

கமலநாதனின் முகம் தொங்கிப்போனது. “எத்தனை நாளைக்கு?”

“நீங்க சொல்ற வரைக்கும்.”

“ஒரு மாசம்,” என்றார் கமலநாதன்.

“பத்து வருஷம்,” என்றாள் லோகேஸ்வரி.

“என்னம்மா அநியாயம்? ரெண்டு மாசம் வச்சிக்க.”

“எட்டு வருஷம்.”

“தீபாவளி தாண்டட்டும், பொங்கல் வரைக்கும். இதுக்கு மேல கட்டுப்படியாகாது லா.”

“நான் இங்க வேலை செய்யிற வரைக்கும் இருக்கட்டும். கடைசி வெலை. இல்லைனா எதிர்க் கடையில ஆள் தேவைன்னு போர்டு போட்டிருக்கான். முப்பத்து நாலு வாடிக்கையாளர் நம்பரு எனக்கு மனப்பாடம்.”

நல்ல வியாபாரிக்கு எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியும். கமலநாதன் நிறுத்தினார்.

ஜீவன் ஏணியில் ஏறி ஏழாம் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினான். “சத்தம் பதிவாகாது பாஸ். வாயால சொன்னா செல்லாது. கையைத் தூக்கிக் கூப்புங்க. இன்னும் மேல. தல குனியட்டும்.”

கமலநாதன் லோகேஸ்வரியின் எதிரில் நின்று, கைகளை உச்சிக்கு மேல் கூப்பி, தலை குனிந்தார். கடை ஆட்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்குள் ஒரு பெண்மணி நுழைந்தார், தோடு மாற்ற வந்தவர். கமலநாதன் நின்ற கோலத்தையும், எதிரில் தலைமுடி விரிந்து வெறுங்காலோடு நின்ற பெண்ணையும், தரையில் சிதறிய பொரியையும் பார்த்தார். சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வரிசையில் போய்க் கைகூப்பி நின்றார்.

லோகேஸ்வரி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“கொஞ்சம் இருங்க ஆன்டி. இவரு முடிச்சிரட்டும்.”